சிவலைக்குக் கட்டிய உங்கள் வலை

கரைக்கு வந்ததும் கூட்டத்துக்குள் முதலில் என்னைத் தேடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைக் கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். பங்குச் சஞ்சிகையில் போடுவதற்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "அப்பாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுது பிள்ளை" என்றார்கள். இரண்டு நாள் பேனையோடு இருந்து பார்த்தேன். உங்களைப் பற்றி மற்றவர்களுக்கு எழுத எனக்கு வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வலையை நான் வெட்டிவிட்டேன். பெரிய மீனுக்கு விடுகிற அந்தத் தடித்த பச்சை வலை, நீங்கள் கடைசியாகக் கடலுக்குக் கொண்டுபோனது. அம்மாவிடம் கேட்காமல், மாமா புகையிலை வெட்டுகிற கத்தியால் வெட்டினேன். வேறு யாரும் வந்து உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அங்கே யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

நாங்கள் இப்போது சண்டிலிப்பாயில், மாமா வீட்டில் இருக்கிறோம். ஓம், அம்மாவின் அண்ணர்தான். மீன்பிடிக்காரனைக் கட்டுகிறாள் என்று உங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்த அதே மாமா. நீங்கள் போய் ஐந்தாம் மாதம் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து வாசலில் இறங்கினார். உள்ளே வரவில்லை. "தங்கச்சி, சாமானைக் கட்டு" என்று மட்டும் சொன்னார். கட்டில், அலுமாரி, என் புத்தகங்கள் இரண்டு பெட்டி, எல்லாம் ஏற்றினோம். கடைசியில் அம்மா உங்கள் வலை இருந்த சாக்கைத் தூக்கிவந்தார்.

"உது என்னத்துக்கு? அங்கை கடலே இருக்கு?" என்று மாமா கேட்டார்.

அம்மா சாக்கை லான்ட்மாஸ்டரின் பின்பெட்டிக்குள் போட்டார். பெட்டியில் ஏறி அந்தச் சாக்கின் மேலேயே இருந்துகொண்டார். சண்டிலிப்பாய் வரைக்கும் எழும்பவில்லை.

இங்கே காலையில் வள்ளங்களின் எஞ்சின் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாகத் தோட்டக் கிணறுகளில் பம்ப் சத்தம். பார்க்கிற இடமெல்லாம் வெங்காயமும் புகையிலையும். மாமா வீட்டுச் சுவரில் முருகன், எங்கள் அறையில் மாதா. வெள்ளிக்கிழமையில் மட்டும் இரண்டு சமயத்துக்கும் சண்டை இல்லை, எல்லோருக்கும் மரக்கறி. மாமா நல்லவர்தான், அப்பா. ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எடுத்தாலும் கதையை மாற்றிவிடுவார். மாமாவுக்குப் பயந்தா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் என்கிற ஆள் இருந்ததற்கு எனக்கு வேறு சாட்சி இல்லாததுபோல இருந்தது. கொட்டில் மூலையில் வாய் கட்டியபடி இருந்த அந்தச் சாக்கு மட்டும்தான்.

வந்த கிழமையே மாமா அம்மாவுக்கு ஒரு மாட்டைக் கொடுத்தார். சிவப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. பெயர் சிவலை. "இது உன்ரை. பாலும் உன்ரை, சாணியும் உன்ரை. ஒருத்தருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை" என்றார். அம்மா ஒவ்வொரு காலையும் பாலைக் கறந்து, சைக்கிளில் கொண்டுபோய்ப் பால் எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டு வருவார். சொந்தக்காரர் யாராவது வந்து, "அப்ப இனி இஞ்சைதானோ இருக்கப்போறியள்?" என்று இழுத்துக் கேட்டால், அம்மா நிமிர்ந்து நின்று, "ஓம், மாடு வளர்க்கிறன்" என்பார். அந்த வீட்டில் எங்களுடையது என்று சொல்ல சிவலைதான் இருந்தது. அம்மா நிமிர்ந்து நிற்பதும் அதனால்தான்.

மார்கழி மழை இந்த முறை விடாமல் பெய்தது. வைக்கோல் போர் ஒரு பக்கமாகச் சரிந்து, அடியெல்லாம் கறுத்து அழுகிப்போனது. மாமா நனைந்ததைக் கிண்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"தங்கச்சி, இது தை பிறக்கும் வரைக்கும்கூட வராது. வயல் வெட்டிப் புது வைக்கல் வர மாசியாகும். ரெண்டு எருதுக்கும் வேணும், உழவுக்கு அதுகள் இல்லாமல் ஏலாது. சிவலையை ஆருக்கும் குடுத்துவிடுவம். பேந்து பாப்பம்."

"ஓம் அண்ணை" என்றார் அம்மா. பிறகு கொட்டிலுக்குப் போய், காலையில் குளிக்க வார்த்த மாட்டையே இன்னொரு தரம் குளிக்க வார்த்தார். பேந்து என்றால் எப்போது, அப்பா? பெரியவர்கள் பேந்து என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. சிவலை சாப்பிடுவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். முன்னால் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டால், அவ தலையால் முட்டிக் கிளறுவா. நல்லதை இழுத்துத் தின்பா. மிச்சத்தின் மேல் ஏறி நிற்பா, மூத்திரம் பெய்வா, அதன் மேலேயே படுப்பா. பிறகு ஒன்றும் இல்லை என்று கத்துவா. கொட்டில் கூட்டும்போது அரைவாசி வைக்கோல் சாணியோடு போகும்.

"மாமா, அவ தின்னுறதைவிட மிதிக்கிறதுதான் கூட" என்றேன்.

"மிதிக்காத மாடு எங்கை இருக்கு? செருப்புத் தைச்சுப் போட்டுவிடன்" என்றார் மாமா.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் ஒருவரும் தொடாத ஒரு தட்டு இருக்கிறது. பழைய விவசாய சஞ்சிகைகள். உங்களுக்குத்தான் தெரியுமே, எழுத்து இருந்தால் நான் எதையும் வாசிப்பேன். அதில் ஒரு பக்கத்தில் ஒரு குதிரையின் படம் இருந்தது. அதன் முகத்துக்கு நேராக ஒரு வலைப்பை தொங்குகிறது, உள்ளே காய்ந்த புல். குதிரை வலைக்கண்ணுக்குள்ளால் உதட்டை விட்டு ஒரு கடி, இன்னொரு கடி என்று இழுக்கிறது. புல் நிலத்தில் விழாது. விழாததால் மிதிபடாது. ஒரு மணி நேரத்தில் முடிகிற தீன் அரை நாளுக்கு நிற்கும். மேய்கிற மிருகங்களின் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் தின்பதற்கே ஆனது, ஒரேயடியாகக் கொட்டினால் அவசரமாக விழுங்கிவிட்டு வெறும் வாயோடு நின்று மனம் குழம்பும் என்று எழுதியிருந்தது.

அதை வாசித்ததும் எனக்கு நெடுந்தீவு ஞாபகம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது என்னைக் கூட்டிப்போனீர்கள். வெட்டை வெளியில் குதிரைகள் நின்றன, கட்டாமல், காவல் இல்லாமல். "இதுகளுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டேன். "ஆர் குடுக்கிறது குஞ்சு? விடியத் தொடங்கினால் பொழுதுபடுமட்டும் ஒவ்வொரு வாயாய்ப் பொறுக்கித் தின்னும். அதுகளுக்கு வேறை என்ன வேலை?" என்றீர்கள். படித்தவர்கள் ஒரு பக்கத்துக்கு எழுதியதை நீங்கள் ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். அன்று அது எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சொல்ல நீங்கள் இல்லை.

முதலில் வெங்காயச் சாக்கில்தான் முயன்றேன். அதுவும் வலைதானே. வைக்கோலை அடைத்துக் கொட்டில் கூரை வளையில் கட்டினேன். மாமா தோட்டத்தால் வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னடி இது? வெங்காயமெண்டு மாட்டைப் பேய்க்காட்டுறியோ?"

"தீன் வலை மாமா. சஞ்சிகையிலை போட்டிருக்கு."

"கடல்காரன்ரை பிள்ளையெல்லோ. ஆடு மாட்டுக்கும் வலை போடாட்டில் சரிவராது" என்று சிரித்துக்கொண்டு போனார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் உங்களைப் பற்றி ஒருவர் பேசியது அன்றுதான், அதுவும் இப்படி.

சாக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கவில்லை. சிவலை நாக்கால் சுழற்றி ஒரே இழுவையில் கிழித்துவிட்டா. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். குதிரை உதட்டால் பிடிக்கும், மாடு நாக்கை வெளியே நீட்டி வளைத்து இழுக்கும். அப்படியென்றால் மாட்டுக்கு வலைக்கண் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும், நூல் தடிப்பாக இருக்கவேண்டும். கடையில் அப்படி ஒன்று கிடையாது. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன்பே ஒரு நாள் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், "அம்மா, அந்தச் சாக்கை அவிழ்த்துப் பாக்கட்டோ?" என்று. "அதிலை கை வைச்சியெண்டால் பார்" என்றார். இவ்வளவு கடுமையாக அம்மா என்னிடம் பேசியதே இல்லை. அதனால்தான் இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார், முடியாது என்றால் சிவலை போய்விடுவா.

மாமா ஞாயிறுக்குச் சிவலையை வாங்க ஆள் வரும் என்று சொன்ன கிழமை அது. செவ்வாய் காலையில் அம்மா பாலோடு போனதும் சாக்கை அவிழ்த்தேன். வலை கசங்கி விறைத்துப்போய் இருந்தது. எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை, அப்பா. வீட்டு மணம் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அதில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வலைக்கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், நீங்கள் பார்ப்பதுபோல. உங்களுக்கு மூன்று விரல் போகும். எனக்கு நான்கு போனது. சிவலையின் நாக்குக்குச் சரி.

மாமாவின் கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். ஓரக் கண்களுக்குள்ளால் கயிற்றைக் கோத்து இழுத்தேன், பை ஆனது. வைக்கோலை அடைத்து வளையில் கட்டினேன். சிவலை வந்து மணந்தா. நாக்கை நீட்டினா. ஒரு வாய் வந்தது. நின்று மென்றுவிட்டு இன்னொரு வாய். கீழே நாலு நார்தான் விழுந்தது. நான் துள்ளிய துள்ளலில் பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அம்மா என்ன சொல்வார், ஏசுவாரா, சிரிப்பாரா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா கொட்டிலுக்குள் முழங்காலில் இருந்தார். கையில் வலை. அதன் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. வைக்கோல் அப்படியே கிடந்தது. சிவலை நூல் ஒன்று வாயோரத்தில் தொங்க, இன்னும் நக்கிக்கொண்டு நின்றா.

"எவ்வளவு விழுங்கிப்போட்டுதெண்டு தெரியேல்லை" என்றார் அம்மா. வலையை ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நான்..."

"காலமை பால் குடுத்திட்டு வந்து கண்டனான். மாடு வடிவாய்த் தின்னுது எண்டு நான்தான் அவிழ்க்காமல் விட்டனான். ரெண்டு பேரும்தான் செய்தது. அழாதை. மாமாவைக் கூப்பிடு."

மாமா கோபப்படவில்லை, பயந்துவிட்டார். நைலோன் வயிற்றுக்குள் போனால் மாடு தப்பாது என்று யாரோ சொல்லக் கேட்டவராம். உடனே தொலைபேசி எடுத்து மாட்டு டொக்டரைக் கூப்பிட்டார். மோட்டார் சைக்கிளில் ஒரு இளம் டொக்டர் அக்கா வந்தார். சிவலையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றில் கையை வைத்து அழுத்திக் காதைக் கொடுத்தார். பிறகு வலையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது கடலிலை கிடந்த வலையெல்லோ. அலசேல்லையோ?"

"எங்கை அலசினது? கிட்டப் போனாலே கருவாட்டு மணம்" என்றார் மாமா.

"எங்களுக்கு மணக்கேல்லை" என்றோம் அம்மாவும் நானும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

டொக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நூல் முழுக்க உப்பு. மாட்டுக்கு உப்பெண்டால் உயிர். அது வைக்கலுக்கு வரேல்லை, வலையைத் தின்ன வந்திருக்கு. ஐயா, இதுக்கு உப்புக்கட்டி வைக்கிறேல்லையோ?"

மாமா மேலே கூரையைப் பார்த்தார். "முந்தி வைச்சனாங்கள்..." என்று இழுத்தார்.

"எவ்வளவு உள்ளுக்குப் போனதெண்டு தெரிஞ்சால் நல்லது. கொஞ்சமெண்டால் வயித்திலை சும்மா கிடக்கும், ஒண்டும் செய்யாது. கனக்கவெண்டால்தான் பயம். அசைபோடுதோ எண்டு பாத்துக்கொண்டிருங்கோ. அசைபோடாட்டில் உடனை சொல்லுங்கோ."

எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அம்மாதான் வழி சொன்னார். வலையை முற்றத்தில் விரித்தார். ஓட்டையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் விரலால் தொட்டுத் தொட்டு, இல்லாத கண்களை எண்ணினார். குறுக்கே, பிறகு நெடுக்கே. அவ்வளவு வேகம். தோட்டக்கார வீட்டில் பிறந்தவருக்கு வலை எண்ணத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எப்போது காட்டிக்கொடுத்தீர்கள்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

"இருபத்திமூண்டு" என்றார் அம்மா.

நாங்கள் கொட்டில் சேற்றைக் கையால் கிண்டினோம். மாமியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மிதிபட்ட நூல் துண்டுகளைக் கழுவி, ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் வைத்துப் பொருத்தினோம். பள்ளிக்கூடத்தில் கிழிந்த வரைபடத்தை ஒட்டுவதுபோல. இருபது கண் கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் சிவலை அசைபோடவில்லை. படுத்திருந்தா, தாடை அசையவில்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. குச்சி ஒன்றோடு சாணிக்குப் பின்னால் திரிந்தேன், பச்சை நூல் தெரிகிறதா என்று. மாமா மண்வெட்டி எடுக்க என்று வந்தார். பிறகு வாளி எடுக்க என்று வந்தார். மூன்றாம் முறை வெறும் கையோடு வந்து, எடுக்க ஒன்றும் கிடைக்காமல், "என்ன, அசைபோடுறாவோ?" என்று கேட்டேவிட்டார்.

"இல்லை மாமா."

"போடுவா. போடாமல் எங்கை போறது" என்றார். என் தலையில் கையை வைத்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது முதல் தடவை.

நான் அன்று எத்தனை தடவை உங்களைக் கூப்பிட்டிருப்பேன், கேட்டதா? அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அதுவும் உங்கள் வலையை வைத்தே.

வியாழக்கிழமை காலை கொட்டிலுக்குப் போனேன். சிவலை முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தா. தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை இடதும் வலதுமாக அசையத் தொடங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் நடக்காததுபோல. அந்த மூன்று கண்ணும் வெளியே வரவே இல்லை. டொக்டர் அது இருக்கட்டும் என்றார். உங்கள் வலையின் மூன்று கண் இன்று வரைக்கும் அவவின் வயிற்றுக்குள் இருக்கிறது.

"சரி, மாடு தப்பிச்சுது. உந்த வலையைக் கொண்டுபோய் எரியுங்கோ" என்றார் மாமா. "ஞாயிறு ஆள் வரேக்கை நல்லாய் நிண்டாளெண்டால் காணும்."

அம்மா வலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "அண்ணை, ஆளை வரவேண்டாமெண்டு சொல்லு" என்றார்.

"வைக்கலுக்கு?"

"டொக்டர் வலை பிழையெண்டு சொல்லேல்லை. உப்புத்தான் பிழை. அலசிக் கட்டினால் சரி." என்னைப் பார்த்தார். "வாளியை எடுத்துக்கொண்டு வா பிள்ளை."

கிணற்றடியில் பெரிய தொட்டியில் வலையைப் போட்டோம். தண்ணீர் சாம்பல் நிறமாகியது. மேலே சின்னச் சின்னப் பாசியும் செதிளும் மிதந்தன. மாமா தூரத்தில் நின்று, "தண்ணியை வெங்காயத்துக்குள்ளை விட்டுடாதை, உப்பு. தென்னம்பிள்ளைக்கு ஊத்து, அதுக்கு நல்லம்" என்றார். நான் வாளி வாளியாகத் தென்னம்பிள்ளைக்குக் கொண்டுபோய் ஊற்றினேன்.

ஒவ்வொரு தண்ணீர் மாற்றியதும் அம்மா வலையின் ஒரு கண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல. "இன்னும் இருக்கு" என்பார். மறுபடியும் அலசுவோம். மூன்றாம் தண்ணீரில் நானும் வைத்துப் பார்த்தேன். இருந்தது. நாலாம் தண்ணீரில், குனிந்து கசக்கிக்கொண்டே, அம்மா பேசத் தொடங்கினார்.

"அண்டைக்கு அவர் காய்ச்சலோடை வந்தவர். எனக்குத் தெரியாது. வலையை உள்ளுக்குக் கொண்டுவந்து போட்டார். நான் பேசினன். நிலமெல்லாம் உப்புத்தண்ணி, வெளியாலை கொண்டுபோய் அலசிப்போட்டு வாங்கோ, எத்தினை தரம் சொல்லுறது எண்டு. பேசாமல் தூக்கிக்கொண்டு போனார். கிணத்தடியிலை இருந்தவர் எழும்பேல்லை. நான் போய்ப் பாத்தால் உடம்பு நெருப்பு. நாளைக்கு அலசுறன், கோவிக்காதையும் எண்டார்."

ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாக இருந்த நாலு நாளும் எனக்குத் தெரியும். இது தெரியாது. இவ்வளவு நாளும் அம்மா இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், அந்தச் சாக்கைப் போல, வாயைக் கட்டி.

"அப்பா கோவிச்சிருக்கமாட்டார் அம்மா" என்றேன்.

"கோவிக்கத் தெரிஞ்சால்தானே அந்த மனுசனுக்கு" என்றார் அம்மா. அழுதுகொண்டே ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. தூரத்தில் நின்ற மாமா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் கேட்டிருக்கும்.

ஆறாம் தண்ணீரில் அம்மா ஒரு கண்ணை வாயில் வைத்தவர், நெடுநேரம் வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். வெறும் கிணற்றுத் தண்ணீர்.

"ஒரு துண்டை அலசாமல் வைச்சிருக்கலாம்" என்றார்.

"எங்கை வைச்சாலும் சிவலை மணந்து பிடிச்சிடுவா அம்மா" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனால் வாளியோடு தென்னம்பிள்ளைக்குப் போனபோது என்னால் ஊற்ற முடியவில்லை. கொஞ்ச நேரம் வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். நான் செய்தது பிழையா, அப்பா? சிவலையை வைத்துக்கொள்ள உங்களைக் கழுவிவிட்டோமா?

ஓட்டையை அம்மாவே முடிந்து மூடினார். டொக்டர் சொன்னபடி, கால் மாட்டுப்படாத உயரத்தில், சிவலையின் நெஞ்சுக்கு மேலே இழுத்துக் கட்டினோம். பக்கத்தில் உப்புக்கட்டி ஒன்றை மாமா கொண்டுவந்து தொங்கவிட்டார். இப்போது சிவலை ஒரு வாய் வைக்கோல், ஒரு நக்கு உப்பு என்று மரியாதையாகத் தின்கிறா. வலையைக் கடிப்பதில்லை. வைக்கோல் மாசி வரைக்கும் வந்தது, கடைசிக் கட்டு கொஞ்சம் பூஞ்சைதான், ஆனாலும் வந்தது. புது வைக்கோல் லொறியில் இறங்கிய அன்று மாமா தலையைச் சொறிந்துகொண்டு அம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, அவரின்ரை வலையிலை இன்னும் மிச்சம் இருக்கோ? எருதுகளும் கனக்க மிதிக்குதுகள்."

'அவரின்ரை' என்றார், அப்பா. கடல்காரன் என்று சொல்லவில்லை.

அம்மா மிச்ச வலையை எருதுகளுக்கு இரண்டு பையாகக் கட்டிக்கொடுத்தார். சிவலை சினையாக இருக்கிறா. ஆனியில் கன்று போடுவா என்று டொக்டர் சொல்கிறார்.

கொட்டிலுக்குள் போனால் இப்போது வைக்கோல் மணம்தான். வலையில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதில் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது ஆறவில்லை. பொய் சொல்லக் கூடாது, உங்களிடம்.

ஆனால் ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு காலையும் வலையை நிரப்ப இரண்டு பேர் வேண்டும். நான் வாயை அகலப் பிடிப்பேன், அம்மா வைக்கோலை அடைப்பார். அந்த நேரம் அம்மா உங்களைப் பற்றி ஏதாவது சொல்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நீங்கள் முதன்முதல் சண்டிலிப்பாய்க்கு மீன் விற்க வந்து, வெள்ளிக்கிழமை என்று தெரியாமல் கூவி ஏச்சு வாங்கியது ஒரு நாள். எனக்குப் பெயர் வைக்க நீங்கள் மூன்று நாள் யோசித்தது ஒரு நாள். இன்று, அம்மா முதல் கண்ணை முடிந்து பழகியபோது நீங்கள் அதை அவிழ்க்காமல் அப்படியே வலையில் விட்டு, "இந்தக் கண்ணுக்குள்ளாலைதான் மீன் எல்லாம் ஓடப்போகுது" என்று சொன்னது. பை நிரம்பியதும் அம்மா கதையை நிறுத்திவிட்டுப் பால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு இன்னும் வேண்டும்போல இருக்கும். பின்னால் ஓடிப்போய், பிறகு என்ன நடந்தது, சொல்லுங்கோ, எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லுங்கோ என்று கேட்கத் தோன்றும். கேட்கமாட்டேன், அப்பா. சத்தியமாக. அம்மா தருகிற நேரத்தில், தருகிற அளவுக்கு வாங்கிக்கொள்வேன். ஒன்றையும் கீழே விழவிடமாட்டேன்.

நாளைக் காலைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் ஒரே மகள்
டிலானி